அன்னக்காவடி

சனிக்கிழமை சாயங்காலம் என் மாப்பிள்ளை வழவழப்பான ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். (மாப்பிள்ளையைப் பற்றி இனி எழுதுவதில்லை என்று நோன்புக்கு முந்தைய பத்தியில் மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தது நினைவிருக்கிறது. இது பிரசுரத்தைப் பற்றியது, அவரைப் பற்றியதல்ல.)

‘பினாங்கு: நான்கு நாள் ஹலால் சுற்றுலா.’ ஓட்டல், வேன், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அதற்குக் கீழே, நட்சத்திரக் குறி போட்டு, கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் படிக்கவேண்டிய பொடி எழுத்தில்: ‘ஹலால் உணவு உத்தரவாதம், தலைக்கு 6,500 ரூபாய் கூடுதல்.’

பினாங்கில் ஹலால் சோற்றுக்குத் தனிக் காசு! கொல்லன் தெருவில் ஊசி விற்பவனையாவது ஏதோ தெரியாமல் வந்துவிட்டான் என்று விட்டுவிடலாம். இவர்கள் கொல்லனிடமே ஊசியை வாங்கி, அவன் வீட்டு வாசலில் வைத்து விற்று, இது ஊசிதான் என்பதற்கு ஒரு கட்டணமும் போடுகிறார்கள்.

கோபத்தோடு கோபமாகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மலேசியா போக இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா வேண்டாம் என்றாகிவிட்டது. பினாங்கு விமான நிலையத்து வாசலிலேயே 401-ஆம் எண் பேருந்து வரும். மூன்று ரிங்கிட்டுக்குள் ஜார்ஜ் டவுனில் இறக்கிவிடும். ஊருக்குள் சுற்ற ‘கேட்’ என்று ஓர் இலவசப் பேருந்து உண்டு. தங்குவதற்கு லெபோ சூலியா, அதாவது சூலியா தெரு. சூலியா என்றால் வேறு யாருமில்லை, அங்கே வியாபாரத்துக்குப் போன தமிழ் முஸ்லிம்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த பெயர். முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இன்றைக்கு மலிவாகப் படுத்து எழுவது நம் ஆட்கள் பெயர் கொண்ட தெருவில்தான். அதே தெரு முனையில் நாகூர் தர்கா ஒன்று நிற்கிறது. நாகூரில் பிறந்த எனக்கு, அத்தனை கடல் தாண்டி அந்தச் சின்ன மினாராக்களைப் பார்த்தபோது, வீட்டுச் சாவியை வேறொருவர் பையில் பார்த்தது மாதிரி இருந்தது. கொஞ்சம் நடந்தால் 1801-இல் எழும்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ஒளுச் செய்யத் தண்ணீர், உட்காரக் குளிர்ந்த தரை, எல்லாம் இலவசம்.

சாப்பாட்டில் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். சீனர் கடைச் சார் குவே தியாவ் நூடுல்ஸில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். கர்னி டிரைவ் உணவுக் கடைகளில் ஹலால் பகுதி தனி, மற்றது தனி. அரசாங்கத்தின் ஜாக்கிம் முத்திரை தொங்காத கடையெல்லாம் ஆகாத கடை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குவது கடைக்காரர் விருப்பம். தலைமுறையாக பிஸ்மி சொல்லிக் கோழி அறுத்தவர்கள் பலர் அதற்கு விண்ணப்பித்ததே இல்லை. பிரசுரக்காரர்கள் முத்திரை உள்ள இடத்துக்கு மட்டுமே கூட்டிப்போவார்களாம். எனவே காலையில் ஓட்டல் பஃபே. பஃபேயைப் பற்றி இந்தப் பக்கத்தில் மூன்று முறை எழுதியாயிற்று, நான்காவது முறை எழுதினால் ஆசிரியர் போன் செய்வார்.

நாசி கண்டார் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு பட்டியல் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்தப் பெயரை எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

நாசி என்றால் மலாயில் சோறு. கண்டார் என்றால் தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் சுமை தொங்கவிட்டுத் தூக்குவது. ஒரு பக்கம் சோற்றுக் கூடை, மறுபக்கம் ஆணம், அதாவது குழம்புச் சட்டி. விடியலுக்கு முன்னால் துறைமுகத்துக் கூலிகளிடம் அப்படித் தூக்கிப்போய் விற்றவர்கள் நம் கரையிலிருந்து போன முஸ்லிம்கள். சோறு, காவடி. அப்படியே தமிழில் சொன்னால் அன்னக்காவடி! நம் ஊரில் கையில் காசில்லாதவனை ஏசுகிற வார்த்தை. பிச்சைச் சோற்றைக் காவடியில் வாங்கிச் சுமந்தவனுக்கு நாம் வைத்த பெயர், அங்கே சோறு சுமந்து விற்றவனின் சரக்குக்குப் பெயராகி, இன்று நியான் விளக்கில் எரிகிறது. பதினைந்து வருடமாகப் பத்தி எழுதுகிறேன், இது எனக்கு இந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் உறைத்தது.

சின்ன மாமாவுக்குத் தெரிந்திருக்கும். உம்மாவின் தம்பி. சபராளி. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் பினாங்கு போனவர். 1926-இல் கட்டிய கப்பல் அது. மாமா ஏறும்போதே அதற்குக் கிழட்டு வயது. போன இடத்தில் இரண்டு வருடம் தட்டுக் கழுவினார், பிறகு சோறு போடும் இடத்துக்கு உயர்ந்தார். மாமா காவடி தூக்கியதில்லை. அவர் முதலாளி தூக்கியவர். முதலாளியின் வலது தோளில் எலுமிச்சங்காய் அளவுக்குக் காய்ப்பு இருந்ததாம். கடை பெரிதாகி, கல்லாவில் உட்கார்ந்த பிறகும், கணக்குப் போடும்போதெல்லாம் இடது கையால் அதைத் தடவிக்கொண்டே இருப்பாராம்.

அந்தக் கணக்குதான் விஷயம். விலைப்பலகை இல்லாத கடை எனக்கு ஆகாது என்பது வாசகர்களுக்குத் தெரியும் (மீன்கடை, பூக்கடை, ஆட்டோ என்று வரிசையாகப் பகை தேடியிருக்கிறேன்). நாசி கண்டார் கடையில் தட்டை நீட்டி, இது, அது, கொஞ்சம் வெண்டைக்காய் என்று கை காட்டவேண்டும். கடைசியில் நாலைந்து ஆணத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள், அதற்குக் குவா சம்போர் என்று பெயர். சோறு தெரியாமல் ஊற்றவேண்டும் என்றால் ‘பஞ்சிர்’, அதாவது வெள்ளம். ஒருவர் தட்டை ஒரு நொடி பார்ப்பார். ஒரு தொகை சொல்வார். அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய பிறகும் மாமாவுக்கு அந்தக் கண் போகவில்லை. கல்யாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்ததும் ஒரு பார்வை பார்ப்பார். “ஒம்போது வெள்ளி அறுவது காசு” என்பார் (வெள்ளி என்றால் ரிங்கிட்). வீட்டில் உம்மா எனக்குச் சோறு போட்டால், “ஒரு வெள்ளி இருவது. அவிச்ச முட்டை வச்சா ஒன்னரை.” உம்மாவுக்குக் கோபம் வரும். “எம்புள்ள சோத்துக்கு வெல போடாதடா” என்பார். மாமா அடுத்த தட்டைப் பார்ப்பார்.

மூன்று வருடம் முன்னால் பினாங்கு போனபோது நானும் அதைச் செய்து பார்த்தேன். தட்டில் கோழி, வெண்டைக்காய், பெரிய கணவாய் ஒன்று. பதினான்கு ரிங்கிட் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். “பதினாறு” என்றார் தட்டைப் பார்த்தவர். எப்படி என்று தமிழில் கேட்டேன். “கணவா பெருசு பாய்” என்றார், நான் ஏதோ தராசைச் சந்தேகப்பட்டது போல. ஐந்து நாள் போட்டேன், ஐந்து நாளும் தோற்றேன். ஐந்தாம் நாள் வேறொரு கடையில் மீன் சினைக்கு என்னிடம் 41 ரிங்கிட் வாங்கினார்கள். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை, அந்தக் கடை எதுவென்று இங்கே எழுதப்போவதுமில்லை. அந்த ஒன்றைக் கழித்துவிட்டால், பத்துப் பதினாறு ரிங்கிட்டில் நன்றாகவே சாப்பிட்டேன். எவரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை. பரிமாறியவரின் முகமும் பேச்சும் போதுமாக இருந்தன.

இத்தனையையும் மகளுக்குப் போனில் சொன்னேன். மாப்பிள்ளை திங்கட்கிழமையே முன்பணம் கட்டிவிட்டாராம். உத்தரவாதத்தோடு சேர்த்துத்தான்.

கணவாய் எடுக்கும் முன்னால் விலை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.