முனி அல்ல, பனி

அப்புத்தளையில் மாலையானால் பனிமூட்டம் லயத்து வாசலுக்கே வந்துவிடும். அந்நேரம் பிளாஷ் போட்டு எடுத்த திருவிழாப் படத்தில் வெள்ளை வட்டங்கள் மிதந்தால், ‘முனி வந்து நிக்குது’ என்பார்கள். பாவம், முனியாண்டியை இதற்குள் இழுக்க வேண்டாம். லென்ஸுக்கு மிக அருகில் மிதக்கும் நீர்த்துளியோ தூசியோ பிளாஷ் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. குவியத்துக்குள் அகப்படாததால் வட்டமாக ஊதித் தெரிகிறது. 1890இல் லிப்டன் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலை போன்ற தேயிலை ஸ்டோர்களுக்குள்ளும் இதே கதைதான். அங்கே பறப்பது தேயிலைத் தூசி. (‘டஸ்ட்’ என்றே தரம் பிரித்து விற்கிற ஊரில் தூசியைக் கண்டு திகைப்பதா!) சிறிய கமராவிலும் கைபேசியிலும் பிளாஷும் லென்ஸும் ஒட்டிப் பிறந்தவை, தொல்லை கூடுதல். பிளாஷை அணையுங்கள். இருட்டென்றால், பக்கவாட்டில் நின்று டோர்ச் பிடிக்க யாரையாவது கூப்பிடுங்கள்.