ஓட்டுக்கு நிற்கும் நீதிபதி

சென்ற வாரம் கிளைக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது, பால்வெட்டும் தோழர் ஒருவர் ஒரு கேள்வி போட்டார். “சட்டமன்ற உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். நீதிபதியை மட்டும் மேலிடம் ஏன் நியமிக்க வேண்டும்? அவரும் ஓட்டுக் கேட்டு வந்தால் பாட்டாளி பக்கம் நிற்பாரல்லவா?”

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் மே தினம் கொண்டாடும் நாம், சிக்காகோ நீதிபதி ஒருவரின் கதையை அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நீதிபதிகளை மக்களே ஓட்டளித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜோசப் கேரி 1863இல் சிக்காகோ சுப்பீரியர் கோர்ட்டுக்கு அவ்வாறே வந்தார். 1886 மே முதல் நாள், எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மே 4 இரவு ஹேமார்க்கெட் கூட்டத்தில் எவனோ ஒருவன் வெடிகுண்டு வீசினான். போலீசாரும் மாண்டனர், போலீஸ் சுட்டதில் பொதுமக்களும் மாண்டனர். வீசியவன் யாரென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆயினும் எட்டுப் பேர் கூண்டில் நிறுத்தப்பட்டனர்.

வழக்கு கேரியிடம் வந்தது. 981 பேரை விசாரித்துப் பன்னிரண்டு ஜூரிகளைப் பொறுக்கினார்கள். குற்றவாளிகள் என்று முன்பே எண்ணிவிட்டதாக ஒப்புக்கொண்டவர்களைக்கூட, நேர்மையாக நடப்பேன் என்று சொன்னால் போதும் என்று கேரி ஏற்றுக்கொண்டார். ஏழு பேருக்குத் தூக்கு. ஒருவருக்குப் பதினைந்தாண்டுச் சிறை. 1887 நவம்பர் 11இல் நால்வர் தூக்கிலேறினர். ஒருவர் அதற்கு முந்தைய நாள் சிறையிலேயே மாண்டார். இருவரின் தண்டனை ஆயுள் சிறையாயிற்று.

அதே கோர்ட்டில், 1886இல் ஓட்டு வாங்கி நீதிபதியான இன்னொருவர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். 1892 தேர்தலில் அவர் கவர்னரானார். 1893 ஜூன் 26இல் சிறையில் எஞ்சியிருந்த மூவரையும் விடுதலை செய்தார். கருணை காட்டி அனுப்பியிருந்தால் பலர் பாராட்டியிருப்பர். அவரோ, ஜூரிகள் வேண்டுமென்றே பொறுக்கப்பட்டவர்கள், குற்றம் நிரூபிக்கப்படவில்லை, நீதிபதி பாரபட்சமாக நடந்தார் என்று பகிரங்கமாக எழுதினார். பத்திரிகைகள் அவரைத் தூற்றித் தீர்த்தன.

மக்கள் என்ன செய்தார்கள்? அதே 1893இன் இறுதியில் கேரி மறுபடியும் தேர்தலுக்கு நின்றார், வென்றார். 1906இல் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார். ஆல்ட்கெல்ட் 1896 தேர்தலில் தோற்றார்.

தோழர்களே! ஓட்டு தீயது என்று நான் சொல்லவில்லை. ஆல்ட்கெல்ட்டும் ஓட்டால் வந்தவரே. நியமனம் தூயது என்றும் சொல்லவில்லை. நியமிக்கிறவர் முகம் பார்க்கும் நீதிபதியும் உண்டு. ஆனால் ஊரே கோபத்தில் கொதிக்கும் வேளையில் ஊரின் ஓட்டை எதிர்பார்க்கும் நீதிபதி, தனித்து நிற்கும் ஏழைக்கு எப்படி அரணாவார்? கோர்ட்டில் நமக்கு வேண்டியது நம் பக்கம் சாயும் நீதிபதியல்ல. எவர் பக்கமும் சாயத் தேவையில்லாத நீதிபதி.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. முன்பு ஒரு தோட்டத்தில் ஒட்டுப்பால் திருடினான் என்று ஓர் இளைஞன்மேல் பழி விழுந்தது. லயம் முழுதும் அவனுக்கு எதிர். சாட்சி சரியில்லை என்பது, கணக்கெழுதும் எனக்குத் தெரியும். நான் அப்போது கமிட்டி உறுப்பினன். அடுத்த மாதம் கமிட்டித் தேர்தல். நான் வாய் திறக்கவில்லை. அவன் வேலை போயிற்று. நான் தேர்தலில் வென்றேன்.

அந்த வெற்றியை நினைக்க இன்றும் கூசுகிறேன். ஆகவே கேள்வி கேட்ட தோழருக்கு என் பதில் இதுதான்: நீதிபதிக்கு ஓட்டுப் பயமும் வேண்டாம், மேலிடப் பயமும் வேண்டாம். நம் கமிட்டிக்காரனுக்கோ ஓட்டு உண்டு. அவன் ஊருக்கு அஞ்சாமல் உண்மை பேசினால், அந்த ஓட்டை அவனிடமிருந்து பறிக்காதீர்கள்.