சட்டைப்பையில் ஒரு ஸ்டூடியோ

தில்லி லக்ஷ்மிபாய் நகர் மாதிரியான அரசுக் குடியிருப்புகளில் பாட்டு வகுப்புக்கும் ஓய்வு பெறும் வயது உண்டு. பாட்டு மாமி எழுபது வயது வரை சொல்லித்தரத் தயார்தான். ஆனால் குவார்ட்டர்ஸ் மாமாவின் பெயரில் இருக்கிறது. மாமாவுக்கு அறுபது ஆனதும் மாலை, சால்வை, குரூப் போட்டோ. அடுத்த சில மாதங்களில் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். ஸ்ரீரங்கமோ, கோவையோ, பிள்ளை வேலை பார்க்கும் பெங்களூரோ, மாமி போய்விடுவார். வர்ணத்தில் பாதியில் நிற்கும் குழந்தைகள் அம்போ. தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம் இங்கேயே இருப்பதால் தமிழ்க் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டு மாமிகளுக்குத்தான் பஞ்சம்.

சமீபத்தில் அப்படி ஒரு மாமி ஸ்ரீரங்கம் புறப்பட்டார். பெற்றோர்கள் கூடிப் பணம் போட்டு வெள்ளியில் குங்குமச் சிமிழ் வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். ஒரு தகப்பனாருக்கு மட்டும் வேறு யோசனை. "சிமிழ் இருக்கட்டும் சார். போறதுக்கு முன்னாடி மாமியைப் பாட வெச்சு நல்லபடியா ரிக்கார்ட் பண்ணிண்டா என்ன? பாக்கெட்ல வெச்சுக்கற மாதிரி மல்ட்டி-டிராக் மெஷின் எல்லாம் இருக்காமே. எதை வாங்கலாம்?" கேள்வி என்னிடம் வந்தது. பதில் சொல்லப் போய் நானும் சிலது கற்றுக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் பாட்டோ, வீணையோ, வயலினோ இருந்தால் உபயோகப்படலாம்.

முதலில், டிராக் என்றால் என்ன? சாதாரண டேப் ரிக்கார்டர் அறையில் கேட்கிற எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும். குரல், ஸ்ருதி, மாடி வீட்டுக் குக்கர் எல்லாம் ஒரே சாம்பார். சாம்பாரிலிருந்து புளியை மட்டும் திரும்ப எடுக்க முடியாது. மல்ட்டி-டிராக் கருவி என்பது டிபன் கேரியர். ஸ்ருதி ஒரு அடுக்கில், குரல் ஒரு அடுக்கில், வயலின் ஒரு அடுக்கில். சாப்பிடும்போது வேண்டிய அளவு கலந்துகொள்ளலாம். வேண்டாத அடுக்கைத் திறக்காமலே விட்டுவிடலாம்.

1950களில், 60களில் நம் சினிமாப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது பாடகரும் வாத்திய கோஷ்டியும் ஒரே நேரத்தில் பாடி வாசித்தாக வேண்டும். ஒரு வயலின்காரர் பிசகினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. டிராக் முறை வந்த பிறகுதான் பின்னணி இசையை முதலில் முடித்து வைத்துவிட்டு, பாடகர் தனக்குச் சௌகரியமான நாளில் வந்து பாட முடிந்தது. ஜோடிப் பாட்டைப் பாடிய இருவர் பதிவின்போது சந்திக்காமலே இருப்பதும் சாத்தியமாயிற்று.

ஸ்டூடியோக்காரர்களுக்கு மட்டும் இருந்த இந்த வசதியை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் டாஸ்காம். 1979-இல் அது வெளியிட்ட 'போர்ட்டாஸ்டூடியோ 144' சாதாரண காஸெட்டிலேயே நாலு டிராக் பதிவு செய்தது. இரண்டு பக்கத்துக்கான இடத்தை ஒரே திசையில் பயன்படுத்தி, டேப்பை இரட்டை வேகத்தில் ஓட்டியது. அதனால் அறுபது நிமிஷக் காஸெட்டில் பதினைந்து நிமிஷம்தான் கிடைக்கும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் தான் குடியிருந்த வாடகை வீட்டில் இந்தக் கருவியையும் இரண்டு மைக்குகளையும் வைத்துக்கொண்டு, கோஷ்டிக்குப் பாட்டைக் காட்டுவதற்காகப் பாடிப் பதிவு செய்தார். பிறகு முழுக் கோஷ்டியுடன் ஸ்டூடியோவில் பாடிப் பார்த்தார். வீட்டுக் காஸெட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்தக் காஸெட்டே 'நெப்ராஸ்கா' என்ற பெயரில் அதே வருஷம் ஆல்பமாக வந்தது.

அந்தக் கருவியைச் சட்டைப்பையில் வைக்க முடியாது. சூட்கேஸ் மாதிரி இருக்கும். காஸெட் போய் மெமரி கார்டு வந்த பிறகுதான் உருவம் சிறுத்தது. பாஸ் நிறுவனத்தின் 'மைக்ரோ பி.ஆர்.' 2006-இல் வந்தது. டாஸ்காமின் 'டி.பி.-004', ஜூம் நிறுவனத்தின் 'எச்4என்' எல்லாம் தொடர்ந்து வந்தவை. சில மாடல்கள் இப்போது கைமாறித்தான் கிடைக்கும். மாடல் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், தர்யாகஞ்ச் இசைக்கருவிக் கடைக்குப் போனாலும் கம்ப்யூட்டரில் ஆர்டர் செய்தாலும் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன்.

எத்தனை டிராக் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே சமயத்தில் எத்தனை டிராக்கில் பதிவாகும் என்பதுதான் முக்கியம். நாலு டிராக், எட்டு டிராக் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் பல சிறிய கருவிகளில் ஒரு தடவைக்கு இரண்டுதான் பதிவாகும். தனியாகப் பாடி அடுக்கிக்கொண்டு போகிறவருக்கு அது போதும். குரல், வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பிடிக்க வேண்டுமானால் போதாது.

அடுத்தது மைக். கருவியிலேயே இருக்கும் மைக் போதுமா, வெளி மைக் செருகும் வசதி வேண்டுமா? கண்டென்சர் மைக் வாங்கும் உத்தேசம் இருந்தால் 48 வோல்ட் 'ஃபேன்டம் பவர்' தருகிற கருவியாக இருக்க வேண்டும். அது பாட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஃபைலாகக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கருவி பழுதாகும் அன்று டிபன் கேரியர் மறுபடி சாம்பாராகிவிடும்.

நாலாவது, பாட்டரியில் ஓடுமா? மின்வெட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மட்டமான அடாப்டர் வழியாக அது பதிவில் 'ங்...' என்று இரைந்தால், அந்த இரைச்சல் ஏறக்குறைய ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பெண்கள் பலர் பாடுவது ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையில். தம்புராவுக்குப் பக்கத்தில் இன்னொரு தப்புத் தம்புரா எதற்கு?

"செல்போனே செய்யாதா?" என்று கேட்பீர்கள். செய்யும். ஐபோனில் 'கராஜ்பேண்ட்' 2011-இலேயே வந்துவிட்டது. ஒரே ஒரு குரலுக்கு அது தாராளம். ஆனால் மூன்று எச்சரிக்கைகள். சாதாரணப் பதிவு வசதியில் பெரும்பாலும் போனே ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும். மெதுவாகப் பாடியதையும் உரக்கப் பாடியதையும் ஒரே மட்டமாக்கிவிடும். புளூடூத் ஹெட்போனில் ஒலி தாமதமாக வரும். அதைக் கேட்டுக்கொண்டு பாடினால் தாளம் நழுவும். ஒயர் வைத்த ஹெட்போன்தான் சரி. பல்லவியின் நடுவில் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று யாராவது கேட்காமலிருக்க, போனை ஃபிளைட் மோடில் போடுங்கள்.

நம் பெற்றோர் கோஷ்டி நாலு டிராக் கருவி ஒன்றை வாங்கியது. முதல் நாள் பதிவு படுதோல்வி. ஸ்ருதிப் பெட்டியை மாமியின் பக்கத்தில் வைத்து, ரிக்கார்டரைத் தரையில் வைத்து, பட்டனை அழுத்திவிட்டார்கள். குரலும் ஸ்ருதியும் ஒரே டிராக்கில் குழைந்துவிட்டன. மாடி வீட்டுக் குக்கர் மூன்று விசில். கீழே காய்கறி வண்டி. டேப் ரிக்கார்டர் மாதிரி உபயோகித்தால் மல்ட்டி-டிராக்கும் டேப் ரிக்கார்டர்தான்.

இரண்டாம் முறை விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கூடினார்கள். தில்லியில் பதிவுக்கு ஏற்ற சீசன் டிசம்பர், ஜனவரி. ஃபேன் ஓடாது, கூலர் ஓடாது. அரசுக் குடியிருப்பின் காலி அறை எதிரொலிக்கும்; அதற்கும் தில்லிக் குளிரே மருந்து தருகிறது. வீட்டிலுள்ள ரஜாய்களை எல்லாம் மாமியின் முதுகுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் கொடியில் தொங்கவிட்டார்கள். இரும்பு பீரோ அதிராமல் அதன் மேலும் ஒன்று.

ஸ்ருதியை ஒயர் மூலம் நேராக முதல் டிராக்கில் பதிந்தார்கள். மாமி அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுவது என்று ஏற்பாடு. பழைய பாடகர்களுக்கு இரண்டு காதையும் மூடிக்கொண்டு பாட வராது. ஒரு காதைத் திறந்து வைக்கலாம். அந்தப் பக்கத்து ஹெட்போன் மூடியைக் கன்னத்தோடு ஒட்டி அழுத்திக்கொண்டால் ஸ்ருதி மைக்குக்குக் கசியாது. பாட்டிலேயே உச்சமான தாரஸ்தாயி இடத்தை முதலில் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 அளவைத் தாண்டாமல் திருகை வைத்தார்கள். பிறகு அதைத் தொடவில்லை. காஸெட் கொஞ்சம் அதிகமானால் மன்னிக்கும். டிஜிட்டலில் எல்லை மீறினால் கரகரப்புத்தான், திருத்த முடியாது. சில புதிய கருவிகளில் இருக்கும் '32 பிட் ஃப்ளோட்' இந்தப் பயத்தைப் பெருமளவு போக்குகிறது. குக்கர் விசிலை அதுவும் போக்காது.

இரண்டாம் டிராக்கில் மாமி. ஒவ்வொரு வரியும் பாடி, அதே அளவு ஆவர்த்தனம் கையால் தாளம் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார், வகுப்பில் குழந்தைகள் திருப்பிப் பாட விடுகிற இடைவெளி மாதிரி. மூன்றாம் டிராக் காலி, அது மாணவிக்கு. நாலாவதில் ராகம், தாளம், எத்தனை கட்டை, யாரிடம் பாடம் என்று மாமியே பேசி வைத்தார். அந்தக் கடைசி விவரம் பின்னால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தனித்தனியாகப் பதியும் வித்தை கைவந்ததும் கச்சேரியையே அப்படி அடுக்கிக் கட்டிவிடலாம் என்று ஆசை வரும். கர்நாடக இசையில் அது பாதி வரைதான் செல்லும். கீர்த்தனையைக் கூடச் சமாளிக்கலாம். ஆலாபனையில் வயலின்காரர் பாடகரின் அடுத்த பிடியை எதிர்பார்த்து நிழல் மாதிரி வருகிறார். பாடகரும் அவர் வாசித்ததைக் கேட்டு இன்னொன்று பாடுகிறார். முன்பே பாடி முடித்த டிராக்குக்கு வயலின் வாசித்தால், ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் மறுநாள் தலையாட்டுகிற மாதிரி இருக்கும். சேர்ந்து வாசிக்க வேண்டியதைச் சேர்ந்தே பதிவு செய்யுங்கள்; டிராக்கைத்தான் பிரிக்க வேண்டும், ஆட்களை அல்ல. அதற்குத்தான் ஒரே சமயத்தில் எத்தனை என்று முதலில் கேட்கச் சொன்னேன்.

இன்னும் இரண்டு விஷயம். பட்டனை அழுத்துமுன் எந்த டிராக்கில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று பாருங்கள். மாணவி பாடும்போது தவறிப்போய் மாமியின் டிராக்கில் எரிந்தால் மாமி அழிந்துபோவார். அன்றன்றைக்குப் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்துவிட வேண்டும். சி.டி. தரத்தில் நாலு டிராக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.3 ஜிகாபைட் பிடிக்கும். 32 ஜிகாபைட் கார்டில் ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம். மாமிக்குத் தெரிந்ததில் கால்வாசிக்குக் காணாது.

ஆறு காலைகளில் இருபத்திரண்டு உருப்படிகள் ஆயின. மாமி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்த பிறகு, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தோடி வர்ணத்தை எடுத்தாள். மாமி விட்ட இடைவெளிகளில் மூன்றாம் டிராக்கில் பாடினாள். பிறகு மாமியின் டிராக்கை மூடிவிட்டுத் தன்னுடையதை ஸ்ருதியோடு தனியாகக் கேட்டாள். அப்புறம் இரண்டையும் சேர்த்து. காந்தாரத்தில் மாமியின் அசைவு எங்கே முடிகிறது, தன்னுடையது எவ்வளவு முன்னாலேயே நின்றுவிடுகிறது என்று அவளுக்கே தெரிந்தது. "மாமி பக்கத்துல உக்காந்து சொன்னப்போ எல்லாம் சரியாத்தான் பாடறேன்னு நெனச்சேன் மாமா" என்றாள். திருத்திப் பாடி அனுப்பினாள். ஸ்ரீரங்கத்திலிருந்து போனில் பதில் வந்தது: "இப்ப பரவாயில்லை. இன்னும் நாலு தரம் பாடு."

கடைசியில் வெள்ளிச் சிமிழும் வாங்கினார்கள். மிச்சப் பணத்தில், கொஞ்சம் சின்னதாக.