சாப்பிட மறுக்கும் பிள்ளைகள்: பேச்சுச் சிகிச்சைக்கு நேரம் எங்கே?

பொம்மசந்திரா, (நமது நிருபர்)

தாயும் தகப்பனும் ஷிப்டு வேலைக்குப் போய்விடும் வீட்டில், பள்ளிக்குப் போகும் பெண் சாப்பிட்டாளா இல்லையா என்பதை யார் பார்ப்பது? ஓசூர் சாலைத் தொழிற்பேட்டைகளை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய கேள்வி இது. காலையில் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸ் மாலையில் காலியாகத்தான் வருகிறது. அதில் இருந்த சோறு வயிற்றுக்குப் போனதா, சாக்கடைக்குப் போனதா என்பது தெரிவதில்லை. பெண் இளைத்து, மாதவிலக்கு நின்று, தலைமுடி கொட்டத் தொடங்கிய பிறகுதான் வீடு விழித்துக் கொள்கிறது. அப்போதும் முதலில் திருஷ்டி கழிக்கிறோம். அடுத்ததாக வயிற்றுப் புண்ணுக்கு மருந்து வாங்குகிறோம்.

காச நோய், தைராய்டு, குடற்புழு போன்றவை உண்டா என்று பார்ப்பது அவசியம்தான். அவை எதுவும் இல்லை என்றான பிறகும் பிள்ளை சோற்றைத் தள்ளினால், அது மனம் சம்பந்தப்பட்ட நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதை 'அனோரெக்சியா நெர்வோசா' என்கிறார்கள். 1873-74ல் லண்டன் டாக்டர் வில்லியம் கல் வைத்த பெயர் இது. அளவில்லாமல் தின்றுவிட்டு வாந்தி எடுத்து வெளியேற்றும் இன்னொரு வகைக்கு 'புலிமியா' என்று பெயர். அதை 1979ல் விவரித்தவர் ஜெரால்டு ரஸ்ஸல். இரண்டும் பெண்களிடம் அதிகம் காணப்படுகின்றன. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு வராது என்று எண்ணிவிடக் கூடாது.

பணக்காரர் வியாதியா?

"இதெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டு வியாதி, நமக்கு எங்கே வரப்போகிறது?" என்பது பொதுவான அபிப்பிராயம். பெங்களூரிலேயே கிடைத்த விவரம் வேறு விதமாக இருக்கிறது. இந்நகரின் மனநல டாக்டர்கள் 66 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2012ல் வெளிவந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், தங்கள் அனுபவத்தில் ஒருவருக்காவது இந்த நோயைக் கண்டதாகக் கூறியிருந்தனர்.

நம் நாட்டில் இந்நோய் சில சமயம் வேறு முகத்தோடு வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. சாப்பிட மறுத்து, ஓயாத வாந்தியோடு எடை குறைந்து வந்த இளம்பெண்கள் 5 பேரைப் பற்றி டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழக டாக்டர்கள் 1995ல் எழுதினர். குண்டாகத் தெரிகிறோம் என்ற மயக்கம் அவர்களிடம் காணப்படவில்லை. எனவே, "என் பெண்ணுக்கு அழகுப் பைத்தியம் கிடையாது" என்று சொல்லிப் பெற்றோர் கவலையற்று இருந்துவிட முடியாது.

மிரட்டலும் கெஞ்சலும்

பேச்சினால் சரியாகும் நோய் என்றால், வீட்டில் தினமும் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று தோன்றலாம். காலையில் கெஞ்சுகிறோம், இரவில் திட்டுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டி ஒப்பிடுகிறோம். அப்பா அதட்டினால் அம்மா பரிந்து பேசுகிறாள். இந்தச் சண்டைக்கு நடுவே நோய்தான் வளர்கிறது.

பட்டினியே மனத்தைக் கெடுக்கும் என்பதற்குத் தெளிவான சான்று உண்டு. 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், நல்ல ஆரோக்கியமுள்ள 36 இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் அரை வயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி. அவர்களுக்கு எரிச்சலும் சோர்வும் கூடின. எந்நேரமும் சோற்று நினைப்பே ஓடியது. பசியில் வாடிய மூளையிடம் நியாயம் பேசிப் பயனில்லை. முதலில் உடம்பில் எடை ஏற வேண்டும் என்று டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

குடும்பமே மருந்து

லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரியில் உருவான குடும்பச் சிகிச்சை முறை இந்த அடிப்படையில் அமைந்தது. அதன் பலனைக் காட்டும் முக்கிய ஆய்வு 1987ல் வெளிவந்தது. 18 வயதுக்குள் நோய் கண்டு, 3 ஆண்டுகள் ஆகாதவர்களுக்குத் தனியே பேசுவதைவிடக் குடும்பத்தோடு பேசுவது நல்ல பலன் தந்தது.

இம்முறையில் 3 கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதையும் பெற்றோர் ஏற்கின்றனர். என்ன சாப்பாடு, எவ்வளவு, எப்போது என்பதை இருவரும் ஒரே குரலில் முடிவு செய்து, பிள்ளை சாப்பிட்டு முடிக்கும் வரை கூடவே உட்கார வேண்டும். அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது, விட்டுக் கொடுக்கவும் கூடாது. எடை ஏறிய பின், பொறுப்பைச் சிறிது சிறிதாகப் பிள்ளையிடமே திருப்பித் தருவது இரண்டாம் கட்டம். படிப்பு, நட்பு, வயதுக்கேற்ற கவலைகள் ஆகியவற்றைப் பேசுவது மூன்றாம் கட்டம். இரண்டாவது சந்திப்பிலேயே குடும்பம் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்து, சிகிச்சையாளர் முன்னிலையில் சாப்பிடுவதும் உண்டு. எங்கே பிடி நழுவுகிறது என்பதை அவர் நேரில் கண்டு திருத்துவார்.

நோய் யாரால் வந்தது என்ற விசாரணையே இம்முறையில் கிடையாது. தாயின் மீதும் பழி இல்லை, பெண்ணின் மீதும் பழி இல்லை. நோய் வேறு, பிள்ளை வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழக்குகிறார்கள்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் 121 பேரிடம் நடந்து 2010ல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து, குடும்ப முறையில் 49 சதவீதம் பேரும், தனிப் பேச்சு முறையில் 23 சதவீதம் பேரும் முழுக் குணம் அடைந்திருந்தனர். இரு மடங்கு என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் பாதிப் பேர் முழுக் குணம் அடையவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அடிதடி நடக்கும் வீட்டுக்கு இம்முறை பொருந்தாது. அத்தகைய பிள்ளைகளுக்குத் தனியே பேசும் முறைகள் இருக்கின்றன.

குடும்பத்தை உடன் வைத்து மனநோயைக் கவனிப்பது நமக்குப் புதிதல்ல. காட்பாடி வழியாகப் போகிறவர்கள் அறிந்த வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மனநல மையத்தில், 1950களிலேயே நோயாளியோடு உறவினரும் தங்கினர். பெங்களூர் 'நிம்ஹான்'சில் 1977ல் குடும்ப மனநல மையமே ஏற்பட்டது.

லீவுக் கணக்கு

இனி நம் கணக்குக்கு வருவோம். பிரிட்டனின் 2017ம் ஆண்டு வழிகாட்டு நெறிப்படி, அனோரெக்சியாவுக்குக் குடும்பச் சிகிச்சை என்பது ஓராண்டில் 18 முதல் 20 சந்திப்புகள். தொழிற்சாலை ஊழியருக்குச் சட்டப்படி 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பள விடுப்பு. ஆண்டில் 300 நாள் உழைத்தால் 15 நாள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஒரு நாள்கூட எடுக்காமல் சேர்த்தாலும் சிகிச்சைக்குப் போதாது. தாயும் தகப்பனும் சேர்ந்தே போக வேண்டியிருப்பதால் இருவர் சம்பளமும் போகும். ரயில்வே போன்ற மத்திய அரசு வேலையிலுள்ள பெண்களுக்குப் பிள்ளை வளர்ப்பு விடுப்பாகப் பணிக்காலத்தில் 730 நாள் வரை உண்டு. கம்பெனி வாசலில் அட்டை தேய்க்கும் தாய்க்கு அது கிடையாது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் குடும்பத்தினருக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் நோய்க்கால உதவித் தொகை, ஊழியரே நோயுற்றால்தான்.

மொழியும் ஒரு தடை. ஊசி போட மொழி வேண்டாம், பேச்சுச் சிகிச்சைக்கு மொழிதான் மருந்து. கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பள்ளிப் பிள்ளை பேசிவிடலாம். தாய் என்ன செய்வாள்? பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொன்னால், தனக்குப் பிடிக்காத பேச்சை அது எப்படிச் சொல்லும்?

செய்யக் கூடியவை

மயக்கம், மிக மந்தமான நாடித் துடிப்பு, உடல் சில்லிட்டுப் போதல், ஓயாத வாந்தி ஆகியவை இருந்தால் பேச்சுக்குக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இருதயமே பாதிக்கப்படலாம். நெடுநாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு ஒரேயடியாக உணவைத் திணிப்பதும் ஆபத்து. அளவை டாக்டர் சொல்ல வேண்டும். அவசரம் இல்லையென்றால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022ல் தொடங்கிய இந்த அரசுச் சேவை 24 மணி நேரமும் இலவசம். 'நிம்ஹான்ஸ்' ஆஸ்பத்திரி நம் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது.

அரசு மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ம் ஆண்டு மனநலச் சட்டம் கூறுகிறது. அந்த உரிமை தொழிலாளிக்குப் பயன்பட வேண்டுமானால், ஷிப்டு முடிந்த மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் தமிழ் பேசும் கவுன்சலர் இப்பகுதியில் கிடைக்க வேண்டும். நோயுற்ற பிள்ளையைக் கவனிக்க, ஆண்டுக்கு 20 அரை நாட்களாவது சம்பளத்தோடு விடுப்பு வேண்டும். போனஸ் பேச்சு வார்த்தைக்கு உட்காரும் தொழிற்சங்கங்கள் இந்தக் கோரிக்கையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். இ.எஸ்.ஐ. நிர்வாகமும் மாநில அரசும் இதில் ஆவன செய்வது அவசியம்.