இன்ஷூரன்ஸ் கம்பெனியாரின் மறுப்புக் கடிதம்

வைத்திய இன்ஷூரன்ஸ் கம்பெனியார் பிரீமியம் வசூலிக்கும்போது காட்டுகிற மரியாதையெல்லாம் ஆஸ்பத்திரி பில்லைக் கண்டவுடன் எங்கோ பறந்து விடுகிறது. “உமக்கு முன்பே சர்க்கரை வியாதி இருந்தது, மறைத்து விட்டீர்” என்று இங்கிலீஷில் ஒரு கடிதம் வருகிறது. நம் மக்களும் அதை வேதவாக்காக எண்ணி, “நம் தலைவிதி” என்று நகையை அடகு வைத்துப் பில்லைக் கட்டிவிட்டு வீடு போய்ச் சேருகிறார்கள்.

அக்கடிதத்தை எழுதியது யார்? நமக்குப் பணம் கொடுக்க வேண்டியவன். கடன் வாங்கினவன் ‘கொடுக்க முடியாது’ என்றால் அதைத் தீர்ப்பென்று ஒப்புக்கொள்வாருண்டோ?

இந்திய இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் செய்த விதிகளின்படி, கம்பெனியின் பரிசீலனைக் கமிட்டி சம்மதிக்காமல் எந்தக் கோரிக்கையையும் தள்ளக்கூடாது. தள்ளினால் பாலிசியின் எந்த ஷரத்துப்படி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றியும், 60 மாதம் விடாமல் பாலிசியைப் புதுப்பித்து வந்தவரிடம், மோசடியை ருஜுப்படுத்தினாலொழிய, ‘மறைத்தீர்’ என்ற பேச்சு எடுபடாது. இதை எந்த ஏஜெண்டாவது நம்மிடம் சொன்னதுண்டா? (அவர் நிரப்பிய பாரத்தைப் படியாமலே கையெழுத்துப் போடுகிற நம் வழக்கமும் ஒழிய வேண்டியதே. வியாதி இருந்தால் இருக்கிறதென்றே எழுதவேண்டும்.)

முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதிலில்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், சென்னை முதலிய நகரங்களிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்னும் நடுவரிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீலுக்கு அங்கே இடமுமில்லை. அவர் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட்டே ஆகவேண்டும். நமக்கு அது திருப்தியில்லையானால், நுகர்வோர் நீதிமன்றத்தின் வழி திறந்தே இருக்கிறது.