கைநாட்டு சம்மதமாகுமா?

நம் பிள்ளைகளின் உடல்நலத்தை ஆராய்வது நல்ல காரியமே. அதை நாம் எதிர்க்கவில்லை. பிள்ளையையும் பெற்றவரையும் கேளாமல் ஆராய்வது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறோம்.

2009-ஆம் ஆண்டில் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்ததைத் தொழிலாளர்கள் அறிய வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி பற்றிய ஆராய்ச்சியை அமெரிக்காவின் 'பாத்' நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து அங்கே நடத்தியது. 10 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். எதிர்ப்பு எழவே, 2010 ஏப்ரலில் ஆராய்ச்சி நிறுத்தப்பட்டது.

2013-இல் இந்தியப் பாராளுமன்றக் குழு உண்மையை வெளியிட்டது. ஆந்திராவில் பரிசீலித்த 9,543 சம்மதப் படிவங்களில் 1,948-இல் வெறும் கைநாட்டு. 2,763-இல் விடுதிக் காப்பாளரின் கையொப்பம்! பெற்றவர் இருக்க, காப்பாளர் யார் சம்மதிக்க?

ஊசி கெட்டதென்று நாம் சொல்லவில்லை. சிறுமியர் சிலரின் மரணத்துக்கு ஊசியே காரணமென விசாரணையில் நிரூபணமாகவில்லை. நம் நாட்டிலும் 2010-இல் 13 வயது மாணவியருக்கு இத்தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. ஆனால், மருந்து நல்லது என்பதால் கேளாமல் போட்டது நியாயமாகிவிடாது.

கைநாட்டு நமக்குப் புதிதா? வாசிக்கத் தெரியாத ஒப்பந்தத்தில் விரலை வைத்துக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் நாம். மலாயாவில் அம்முறை 1910-இல் ஒழிந்தது. அது வேறு உருவில் திரும்பக் கூடாது.

பாரிட் புந்தார் வட்டாரத் தோட்டங்களுக்கு ஆராய்ச்சிக் குழு வந்தால், பெற்றோர் கேட்க வேண்டியவை நான்கு. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? மறுத்தால் வழக்கமான வைத்தியம் தடைப்படுமா? குடி, புகை பற்றிப் பிள்ளை மனம் திறந்து சொல்வது யார் காதுக்குப் போகும்? தமிழில், புரியும்படி பதில் வந்த பிறகே பேனாவைத் தொடுங்கள்.

பெற்றோர் இசைந்தாலும், பிள்ளை 'வேண்டாம்' என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். மானேஜரோ, கிராணியோ, ஆசிரியரோ பெற்றோருக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது. சங்கமும் முடியாது, அந்த உரிமையை நாமும் கோரவில்லை.

விளங்காமல் வைத்த கைநாட்டு வெறும் மை, சம்மதம் அல்ல!