இரவெல்லாம் ஊறுவது எது?

டென்னஸி மாகாணத்திலே பன்றி விலாவைப் புகையில் வாட்டும் கலை ஏறக்குறைய ஒரு மதத்துக்குரிய அனுஷ்டானங்களோடு நடந்துவருகிறது என்பதை அங்கே ஒரு வாரம் தங்கியவர்கூட அறிவார். மதம் என்று வந்துவிட்டால் அதற்கு மந்திரமும் வேண்டுமல்லவா? அந்த மந்திரத்தை மசாலாத்தூள் டப்பாக்களின் முதுகிலே நான் பல வருஷங்களாகப் படித்துவருகிறேன். முதல் நாள் இரவே தாராளமாகத் தடவி வையுங்கள், சுவை எலும்புவரை இறங்கும் என்ற அந்த உபதேசம், டப்பாவுக்கு டப்பா எழுத்தின் அளவில் மாறுமேயொழியப் பொருளில் மாறுவதில்லை. தாராளமாகத் தடவினால் டப்பா சீக்கிரம் காலியாகும் என்ற லௌகிக உண்மைக்கும் இந்த உபதேசத்துக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று சந்தேகிக்கும் துர்ப்புத்தி எனக்கு இல்லை.

இறங்கும் என்கிறார்களே, இறங்குவது எது என்று முதலில் பார்ப்போம். அந்தத் தூளிலே உப்பு, பழுப்புச் சர்க்கரை, பாப்ரிக்கா, மிளகு, மிளகாய், பூண்டுத்தூள் ஆகியவை கலந்திருக்கின்றன. இக்கூட்டத்திலே யாத்திரை செய்யும் சுபாவம் உண்மையில் உப்பு ஒன்றுக்கே உண்டு. கொழுப்பு நீங்கிய மாமிசத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். அந்நீரிலே கரைந்த மாத்திரத்தில் உப்பானது சோடியம், குளோரைடு என்னும் மிகச் சிறிய துகள்களாகப் பிரிந்து, நார்களுக்கிடையே நகர்ந்து உள்ளே செல்கிறது. பாப்ரிக்காவின் சிவப்பும், மிளகாயின் உறைப்பும், மிளகின் காரமும் எண்ணெயிலே கரையும் இயல்பின. நீர் நிறைந்த தசைக்குள் அவை ஆழமாகப் புகும் வழியை இயற்கை வைக்கவில்லை. சர்க்கரை நீரில் கரையும் என்பது உண்மையே. ஆயினும் அதன் மூலக்கூறு பெரிதாகையால், வாசற்படியைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் அதற்குப் பொழுது விடிந்துவிடும்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்களுக்காக, நண்பர் ஒருவர் வீட்டிலே நடந்ததைச் சொல்கிறேன். பதினான்கு மணி நேரம் ஊறவைத்த விலாத் தகடு ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, "பார்த்தீர்களா, ராத்திரி முழுக்க எப்படி ஊறியிருக்கிறது!" என்று அவர் பெருமிதத்தோடு காட்ட, அவருடைய அனுமதி பெற்றுப் பச்சையாக இருக்கும்போதே இரண்டு எலும்புகளுக்கு நடுவே கத்தியை இறக்கினேன். வெட்டுவாயின் ஓரத்திலே நகத்தின் கனத்துக்குக்கூடக் காணாத ஒரு சிவப்புக் கோடு. அதற்கு அப்பால், கசாப்புக்கடையில் வாங்கியபோது இருந்த அதே வெளிறிய ரோஜா நிறம். அந்தக் கோட்டையும் விரல் நுனியால் துடைத்தேன். பாதி விரலோடு வந்துவிட்டது. தகடு கிடந்த தாம்பாளத்திலே, உப்பு இழுத்து வெளியேற்றிய நீரோடு சேர்ந்து, இரண்டு கரண்டி அளவு செங்குழம்பு தேங்கியிருந்தது. இரவெல்லாம் மசாலா இறங்கியது மெய்தான். அது இறங்கிய இடம் தாம்பாளம். மசாலா தடவி வறுத்த வஞ்சிரத் துண்டைப் பிட்டு, உள்ளே வெள்ளை வெளேரென்று இருப்பதைப் பார்த்த தமிழருக்கு நான் இதை மேலும் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கேட்கிறேன். உள்ளே போய்த்தான் ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது? விலாவின்மேல் இருக்கும் சதை பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்கு உட்பட்டது. புகையும் சூடும் சேர்ந்து சமைத்த கருஞ்சிவப்புப் பொருக்கும், அதன் அடியிலிருக்கும் சதையும் ஒரே கடியில் வாய்க்கு வந்து சேர்கின்றன. தொடைக்கறிக்குச் சொல்லவேண்டிய புத்திமதியை விலாவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

உப்புக்காவது நேரம் வேண்டாமா என்பார்கள். வேண்டும், ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி. அதன்பிறகு 107 டிகிரி செல்ஸியஸ் உஷ்ணத்திலே ஐந்தாறு மணி நேரம் அடுப்பில் கிடக்கும்போதும் உப்பு சும்மா இருப்பதில்லை. இவ்வளவு மெல்லிய சதையை இரவெல்லாம் அதிக உப்பிலே கிடத்தினால் சதை இறுகி, விலா என்று கடித்தவர் வாயில் ஹாம் வந்து நிற்கும். ஹாம் வேண்டுமென்பவர்களுக்காக அதே டென்னஸியிலே பன்றித் தொடையை வாரக்கணக்கில் உப்பிலிட்டு விற்கிறார்கள்.

பாட்டனார் காலத்துச் சம்பிரதாயம் என்றும் ஒரு வாதம் உண்டு. வீடுகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்னால், அந்த அமெரிக்கத் தென்னாட்டுக் கோடையிலே பச்சைப் பன்றிக்கறியை ராத்திரி முழுவதும் ஊறவைத்துத் தின்ற பாட்டனாருக்குப் பேரன்மார் இருக்கிறார்கள் என்றால் ஆச்சரியப்படவேண்டியதுதான். விலா வாட்டும் பந்தயங்களில் ஜயித்தவர்கள் அப்படிச் செய்கிறார்களே என்பதற்கு, தோற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்பதே பதில்.

எல்லாவற்றுக்கும் மேலாக டென்னஸியின் மெம்பிஸ் நகரமே எனக்குச் சாட்சி. அங்கே ஒரு சந்துக்குள் நுழைந்து படியிறங்கிப் போகவேண்டிய ராண்டெவூ என்னும் உணவகத்தை, கிரேக்க வமிசத்தவரான சார்லி வெர்கோஸ் 1948-இல் தொடங்கினார். நிலவறையில் உபயோகமற்றுக் கிடந்த நிலக்கரிச் சரிவுப்பாதை ஒன்றைப் புகைபோக்கியாக்கி, அங்கே அடுப்பு மூட்டினார். உலர்ந்த மசாலா தூவிய விலா என்றாலே மெம்பிஸ் என்று உலகம் சொல்வதற்குப் பெரிதும் காரணமான அந்த ஸ்தலத்திலே, விலாவைக் கரித்தணலில் வாட்டி, வினிகர் கலந்த நீரைப் பூசி, வெந்து இறங்கிய பிறகே மசாலாவைத் தூவுகிறார்கள். முதல் நாள் இரவும் இல்லை, அன்று காலையும் இல்லை. தட்டுக்கு வருவதற்குச் சற்று முன்! அங்கே புகையைவிடத் தணலுக்கே வேலை அதிகம் என்று எதிர்க்கட்சியார் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கட்டும், எலும்புவரை இறங்காத அந்த மசாலாவைத் தின்பதற்காகத் தூர தேசங்களிலிருந்து வந்து வரிசையில் நிற்பவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

கரியை மூட்டும்போது உப்பு, அது கனியும்போது மற்றவை. என்னுடைய சாஸ்திரம் இவ்வளவே. ஆனால் சுவைக்கு உண்மையிலேயே தடையாக நிற்கும் வஸ்து ஒன்று விலாவிலே உண்டு. அதன் உட்புறத்தில், எலும்புகளின்மேல் ஈரக் காகிதம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சவ்வு, உப்பையும் புகையையும் மறித்து, வெந்த பிறகு ரப்பரைப்போல் பல்லோடு மல்லுக்கு நிற்கும். ஒரு கரண்டிக் காம்பை எலும்புக்கும் அதற்கும் நடுவே செருகி நெம்பி, வழுக்காமலிருக்கக் காகிதத்தால் பிடித்து இழுத்தால், இரண்டு நிமிஷத்தில் முழுத் தோலாக உரிந்து வந்துவிடும். என் அலமாரியில் இப்போது நான்கு டப்பாக்கள் இருக்கின்றன. இரவெல்லாம் ஊறவைக்கச் சொல்லும் அந்த நான்கில் ஒன்றுகூட இந்தச் சவ்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.